கடிகாரத்தைத் திருப்பினால் இருட்டில் எழும்புவது யார்?

(வத்தேகமவில் நடைபெற்ற தோட்டக் கமிட்டி மற்றும் மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், சேமலாப நிதி, காணி என்று பேசிவிட்டு, நிகழ்ச்சி நிரலில் கடைசியாக "நேரம்" என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். சங்கத்துக்குக் கடிகாரம் திருத்தும் வேலையும் வந்துவிட்டதா என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்டதும் எமது காதில் விழுந்தது. சம்பளத்தை நேரத்தால்தான் அளக்கிறார்கள். ஆகவே அதைப் பற்றிப் பேசாமல் விட முடியாது.

மின்வெட்டு வரும்போதெல்லாம் நாட்டில் ஒரு யோசனை தலைதூக்கும். கடிகாரத்தை அரை மணியோ ஒரு மணியோ முன்னுக்குத் தள்ளி அப்படியே வைத்துவிட்டால் மின்சாரம் மிச்சமாகும் என்பார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதும் தேத்தண்ணிக் கடைகளில் இதைப் பேசினார்கள். வெளிநாடுகளிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரம் மாற்றுவதை நிறுத்திவிட்டு, கோடைகால நேரத்தையே வருடம் முழுக்க வைத்துக்கொள்வோம் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் கேட்கிறார்கள். அதைக் கைத்தொலைபேசியில் படித்துவிட்டு, நாமும் செய்தால் என்ன என்று எமது இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். நல்ல கேள்விதான். அதற்குப் பதில் தேட வெளிநாடு போகத் தேவையில்லை. இந்த நாடு அதைச் செய்து பார்த்திருக்கிறது. பத்து வருடம் செய்து பார்த்தது.

இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1996ஆம் ஆண்டு மழை பொய்த்தது. அந்தக் காலத்தில் இலங்கையின் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்துதான் வந்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின, நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. அப்போதைய அரசாங்கம் மே மாதம் 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு நகர்த்தியது. மக்கள் முணுமுணுத்தார்கள். ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணி அப்படியே நின்றுவிட்டது. வரட்சி போய் மழை வந்து குளம் நிறைந்த பிறகும் நின்றது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், நள்ளிரவு கடந்து அரை மணியானபோது கடிகாரம் மறுபடி 12க்குத் திரும்பி, பழைய நேரம் வந்தது. அவசரத்துக்கு என்று வந்த ஏற்பாடு பத்து வருடம் குடியிருந்துவிட்டுப் போனது. அவசரத்துக்கு என்று தொடங்கி நிரந்தரமாகிவிடும் ஏற்பாடுகளைத் தோட்டத்தில் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். லயமே அப்படி வந்ததுதானே.

அதற்கு முன்னும் ஒரு தடவை நடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 ஜனவரியில் அரை மணியும் செப்டெம்பரில் இன்னொரு அரை மணியும் கூட்டினார்கள். யுத்தம் முடிந்ததும் 1945 ஒக்டோபரில் பழைய நேரத்துக்கு வந்தார்கள். இரண்டு தடவையும் காரணம் நெருக்கடி, இரண்டு தடவையும் திரும்பித்தான் வந்தோம்.

1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நேரத்தை மாற்றினார்கள் என்று சொன்னோம். அன்று எமது லயங்களில் எத்தனை காம்பராவில் பல்ப் இருந்தது? உங்களைத்தான் கேட்கிறோம். பெரிய பங்களாவில் இருந்தது, ஸ்டோரில் இருந்தது, ஆபிஸில் இருந்தது. எமது பல லயங்களில் குப்பி விளக்குதான். பன்வில பக்கத்து மலைகளில் விழும் மழை ஹுலு கங்கையாக ஓடி மகாவலியில் சேர்கிறது. மகாவலியைக் கட்டிய விக்டோரியா நீர்த்தேக்கம் எமக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. எங்கள் மலைத் தண்ணீரில் நாடு விளக்கு ஏற்றியது. எங்கள் பிள்ளைகள் மண்ணெண்ணெய்ப் புகையில் படித்தார்கள். அணைப்பதற்கு ஒரு விளக்கும் இல்லாதவனையும் சேர்த்துத்தான் "மிச்சம் பிடி" என்று ஒரு மணி முன்னுக்கு எழுப்பினார்கள். கரண்ட் மிச்சமானதோ இல்லையோ, விடியற்காலையில் குப்பி விளக்கு கூடுதல் நேரம் எரிந்தது. அந்த மண்ணெண்ணெய்க்குக் காசு கொடுத்தது நாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது புரிந்தால் மீதி எல்லாம் புரியும்.

வெள்ளைக்காரன் நாட்டில் கோடை நேரம், குளிர்கால நேரம் என்று மாற்றுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. லண்டனில் ஜூன் மாதம் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. குளிர்கால நேரத்தையே வைத்திருந்தால் கோடையில் விடியற்காலை மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், அந்த வெளிச்சத்தில் ஊரே தூங்கும். அதில் ஒரு மணியை எடுத்து மாலையில் வைத்தால் யாருக்கும் நட்டமில்லை. எமது நாடு பூமியின் நடுக்கோட்டுக்குக் கிட்டே இருக்கிறது. கண்டியில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட வராது. மே கடைசியில் ஆறு மணிக்குச் சற்று முன் உதிக்கும், பெப்ரவரி தொடக்கத்தில் ஏறக்குறைய ஆறு இருபத்தைந்துக்கு உதிக்கும், அவ்வளவுதான். தூங்கிக்கொண்டே வீணாக்கும் காலை வெளிச்சம் எங்களிடம் கிடையாது. சூரியன் வரும் முன்பே அடுப்பு எரிகிற வீடுகள் எங்களுடையவை.

இன்னொன்று. எமது நேரம் இந்தியாவின் நேரம்தான், கிரீன்விச்சை விட ஐந்தரை மணி முன்னே. அந்த நேரத்துக்குரிய கோடு கண்டிக்குக் கிழக்கே போகிறது. ஆகவே இப்போதே எமது கடிகாரம் சூரியனை விட ஏழு, எட்டு நிமிடம் முந்தி ஓடுகிறது. 1996 மே மாதத்தில் அது ஒரு மணி ஏழு நிமிடமானது. அந்த வருடம் ஜூலையில் கடிகாரம் ஏழு மணி காட்டியபோதுதான் சூரியன் எட்டிப் பார்த்தது. பிறகு அரை மணி குறைத்தார்கள் என்றாலும், தை மாதத்தில் ஏழு ஆக ஐந்து, பத்து நிமிடம் இருக்கும்போதுதான் உதயம். இது மலை இல்லாத இடத்துக் கணக்கு. எங்களுக்குக் கிழக்கே மலை நிற்கிறது, பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு வெயில் வர இன்னும் நேரமாகும். பனி இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கடிகாரத்தை ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாவின் கையில் கட்டிப் பாருங்கள். ஏழரைக்கு மலையில் நிற்க வேண்டும் என்றால், ஆறரை, ஆறே முக்காலுக்குப் பெரட்டு. அதற்கு முன் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, புருசனுக்கும் பிள்ளைக்கும் கட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டும். நாலு மணிக்கு எழும்புகிறார். 1996இல் கடிகாரத்தில் நாலு என்றால் சூரியக் கணக்கில் மூன்று மணி. நடுச்சாமம் தாண்டிக் கொஞ்ச நேரம். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புவதும் தோட்டத்தில் உண்டு. கடிகாரம் மாறிவிட்டது, கண் திறக்கவில்லை என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

பாதை இருட்டு. காட்டுப்பன்றி வரும், சிறுத்தை வரும், பாம்பு கிடக்கும். அது பழகிய பயம் என்று வைத்துக்கொள்வோம். கொழுந்துக்கு வாருங்கள். சூரியன் ஏறும் முன் மலையில் கை வைத்தால் கொழுந்தெல்லாம் பனித்தண்ணீர். ஈரக் கொழுந்தை மடுவத்துக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு இரண்டு கிலோ என்று கழிப்பார்கள். கழித்த பிறகு நிறை எட்டாவிட்டால் அரைப்பேர். கொழும்பில் ஒருவர் மேசையில் உட்கார்ந்து கடிகார முள்ளைத் தள்ளினால், அது மடுவத்துத் தராசில் வந்து இறங்கும். பத்திரிகைகளில் இதைப் பற்றி அன்று எழுதியவர்கள் அலுவலக நேரத்தையும், விமான நேரத்தையும், வெளிநாட்டு வியாபாரத்தையும்தான் எழுதினார்கள். தராசைப் பற்றி எழுதியவரை நாம் காணவில்லை.

பிள்ளைகளின் கதை தனி. மடுல்கலை, பன்வில பக்கமிருந்து வத்தேகமவுக்கும் கண்டிக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இன்றைக்கும் ஐந்தரை, ஆறுக்கு லயத்தை விட்டு இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். மாத்தளை ரயிலைப் பிடிக்கும் பிள்ளைக்கும் அதே பாடுதான். அந்தப் பத்து வருடமும் அந்தப் பிள்ளைகள் கும்மிருட்டில் நடந்தார்கள். பெண் பிள்ளை என்றால் தகப்பனோ அண்ணனோ ரோட்டு வரை போய் விட்டுவர வேண்டும், அப்புறம் அவருக்குப் பெரட்டுக்கு ஓட்டம். 2006இல் நேரத்தைத் திருப்பியபோது இருட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் சிரமமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அது தோட்டப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய சிரமமாக இருந்திருந்தால் திருப்பியிருப்பார்களா என்பது எமது சந்தேகம். கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் அதே இருட்டில்தான் நடந்தது. பன்சலையிலும் கோவிலிலும் நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கும் தலைவலி. ராகு காலம் சூரியனைப் பார்த்து வருவது, வர்த்தமானியைப் பார்த்து வருவதில்லை. வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். ஒரு சின்னத் தீவுக்குள் சோதனைச் சாவடி தாண்டினால் வேறு மணி. சாதாரண சனங்கள் கலியாணக் கடிதத்தைப் பார்த்து "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாதர் அணித் தோழிகள் எம்மை விடமாட்டார்கள். இந்த உரைக்காக விசாரித்தபோது மூத்த தாய்மார் சிலர் வேறு மாதிரி சொன்னார்கள். புது நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகும் வெளிச்சம் இருந்தது. விறகு பொறுக்கவும், பீலியில் துணி துவைத்துக் குளிக்கவும், தோட்டத்துண்டில் இரண்டு பாத்தி கொத்தவும் நேரம் கிடைத்தது என்றார்கள். அது உண்மைதான். கார்த்திகை மாதம் ஐந்தே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். அரை மணி கூட்டினால் ஆறே கால் வரை வெளிச்சம். இருட்டில் பீலிக்கரைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த அரை மணி பெரிய விடயம். மின்சாரக்காரர்களும் இதே காரணத்தைத்தான் சொல்வார்கள்: நாட்டில் கரண்ட் ஆகக் கூடுதலாகச் செலவாவது மாலை ஆறரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை, அதைக் குறைக்க வேண்டும் என்று. ஆனால் அந்த மாலை வெளிச்சத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? அதே பெண்ணின் விடியற்காலையிலிருந்து. அவருக்கு உண்மையில் வேண்டியது, வேலை நேரத்தோடு வேலை முடிவது. எட்டு மணி நேர வேலை முடிந்து, மடுவத்தில் வரிசையில் நின்று, கொழுந்து நிறுத்து, லொறிக்கு ஏற்றும் வரை காத்து நிற்கும் நேரம் எந்தக் கணக்கில் வருகிறது? யாருடைய கடிகாரத்திலும் வருவதில்லை. அந்த முக்கால் மணியைத் திருப்பிக் கொடுத்தால் பீலிக்கரைக்கு வெளிச்சத்திலேயே போகலாம், சூரியனோடு யாரும் சண்டை போடத் தேவையில்லை.

வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அமெரிக்காவில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, 1974 ஜனவரியில் கோடை நேரத்தை வருடம் முழுவதற்கும் ஆக்கினார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துப் பெற்றோர் கொதித்தார்கள். இரண்டு குளிர்காலம் நடத்த நினைத்ததை ஒன்றோடு விட்டுவிட்டார்கள். 2022இல் அங்கே செனட் சபை மறுபடி அதே யோசனையை நிறைவேற்றியது, கீழ்ச்சபையில் அது நகரவில்லை. ரஷ்யா 2011இல் நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போய், மூன்று குளிர்காலம் தாங்கிவிட்டு, 2014 ஒக்டோபரில் நிரந்தரக் குளிர்கால நேரத்துக்கு வந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் கடிகார மாற்றத்தையே நிறுத்துவோம் என்று வாக்களித்தது, எந்த நேரத்தை வைப்பது என்று நாடுகள் ஒத்துப்போகாமல் அது கிடப்பில் கிடக்கிறது. மாற்றுவதை நிறுத்துவது நல்லதுதான், அதில் எமக்கு மறுப்பில்லை. எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் வழக்கு.

எமக்குக் கிட்டிய உதாரணம் அசாம். அங்கேயும் தேயிலை, அங்கேயும் வெளியிலிருந்து கொண்டுபோய்க் குடியேற்றிய தொழிலாளர்கள். அங்கே வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து "பாகான் நேரம்" என்று ஒன்று இருக்கிறது, பாகான் என்றால் தோட்டம். இந்திய நேரத்தை விட ஒரு மணி முன்னே. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் தோட்டங்களுக்குத் தனி நேரம் வைக்க இடம் கொடுத்திருந்தது. இதைச் சொன்னதும், பார்த்தீர்களா, தோட்டத்துக்கு முந்திய நேரம்தான் சரி என்று ஒருவர் வாதாடினார். அசாமின் கிழக்குக் கோடியில் ஜூன் மாதம் நாலரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், தோழரே. அங்கே தோட்டக் கடிகாரம் சூரியனைப் பிடிக்க முன்னே போகிறது. இங்கே கூட்டினால் சூரியனை விட்டுவிட்டு முன்னே போகும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அசாமிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு: ஒரு தோட்டத்தில் மணி என்ன என்பது சட்டத்தில் எழுதி, பேசித் தீர்மானிக்கக்கூடிய ஒரு வேலை நிபந்தனை. சம்பளம் போல, லீவு போல.

எமது தாத்தாமார் காலத்தில் லயத்தில் கடிகாரம் கிடையாது. தப்புச் சத்தம்தான் மணி. தப்பு அடிக்கச் சொன்னவரிடம்தான் கடிகாரம் இருந்தது, அதை அவர் எத்தனை மணிக்கு வைத்தார் என்று கேட்க ஒருவருக்கும் வழியில்லை. இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பெரட்டு எத்தனை மணிக்கு, கடைசி நிறுவை எத்தனை மணிக்கு என்று பார்க்கவும் எழுதவும் முடியும்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறோம், கையுயர்த்திச் சொல்லுங்கள். நாட்டின் நேரத்தை மாற்றும் யோசனை எப்போது வந்தாலும், தோட்டத் தொழிலாளரின் சங்கங்களைக் கேட்காமல் அது நடக்கக் கூடாது. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், சூரிய உதயத்துக்கு முன் எந்தத் தோட்டத்திலும் பெரட்டு வைக்கக் கூடாது. மடுவத்தில் காத்து நிற்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். முதல் இரண்டுக்கும் தோட்ட நிர்வாகங்கள் பெரிதாக எதிர்ப்புக் காட்டப் போவதில்லை. மூன்றாவதுக்குத்தான் சண்டை வரும், அதற்கு ஆதாரம் வேண்டும்.

தலைவர்மாருக்கு ஒரு வேலை. இந்த மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பி போடுங்கள். பெரட்டு தொடங்கிய மணி, மலையில் வேலை விட்ட மணி, மடுவத்தில் கடைசி அம்மாவின் கொழுந்து நிறுத்து முடிந்த மணி, அன்றைக்குத் தண்ணீருக்கென்று கழித்த கிலோ. நான்கே நான்கு எண். மாதர் அணியில் ஒருவர் மடுவத்தில் நின்று எழுதினால் நல்லது, தலைவர்மார் அந்த நேரத்தில் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை என்று புகார் வந்திருக்கிறது. கொப்பிகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மடுல்கலைப் பக்கம் போகிறவர்களுக்கு பஸ் வரும் நேரமாகிவிட்டது. கேள்வி இருந்தால் அவர்கள் முதலில் கேட்கட்டும்.